காசியின் காமிரா நடைகள்: ஒரு மதிப்பீடு

பழைய நகரங்களைக் காமிராவும் கையுமாகச் சுற்றிக்காட்டும் நடைகள் இன்று தனியொரு வடிவமாகவே நிலைபெற்றுவிட்டன. வழிகாட்டி நேரத்துக்கு வந்தாரா, இஞ்சி டீ வாங்கிக் கொடுத்தாரா என்று பார்த்து நட்சத்திரம் போடுவதோடு அவற்றைப் பற்றிய நம் மதிப்பீடு முடிந்துவிடுகிறது. இந்த அளவுகோல் போதாது. ஒரு ஃபோட்டோ வாக்குக்குத் தடம் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு, எதைக் காட்டுவது எதை விடுவது என்ற தேர்வு உண்டு. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்த நகரத்தைப் பற்றிய ஒரு வாதமும் அதற்குள் இருக்கிறது. இத்தனையும் கொண்ட ஒன்றை ஒரு படைப்பைப் போலவே எடைபோட வேண்டும்.

அப்படி எடைபோட இந்தியாவில் காசியைவிடக் கடினமான களம் எனக்குத் தெரியவில்லை. 1820இல் நாணயச்சாலை அதிகாரியாக வந்த ஜேம்ஸ் பிரின்செப் இந்நகரத்தை அளந்து வரைபடமாக்கினார், வரைந்து கல்லச்சில் வெளியிட்டார். 1860களில் சாமுவேல் போர்ன் ஈரக் கொலோடியன் கண்ணாடித் தகடுகளோடு வந்தார். 1956இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படித்துறைகளிலிருந்து தொடங்கியது. ரகுபீர் சிங் 1987இல் காசிக்கென்றே ஒரு வண்ணப் புத்தகம் தந்தார். ராபர்ட் கார்ட்னரின் ஆவணப்படம் ‘ஃபாரஸ்ட் ஆஃப் ப்ளிஸ்’ 1986இல் வந்து காட்சி மானுடவியலாளர்களை இரண்டு கட்சியாகப் பிரித்தது. தமிழ்ப் பார்வையாளர் மனத்தில் இருக்கும் காசியையோ பெருமளவு 2009இல் பாலாவின் ‘நான் கடவுள்’ தீர்மானித்துவிட்டது. இத்தனை பேர் பார்த்துத் தீர்த்த இடத்தில், புதிதாக வரும் ஒருவருக்கு மூன்று மணி நேரத்தில் ‘பார்க்க’க் கற்றுத்தருவதாக ஒரு நடை வாக்களிக்கிறது. அந்த வாக்கை எவ்வளவு காப்பாற்றுகிறது என்பதே கேள்வி. வெவ்வேறு பருவங்களில், வெவ்வேறு வழிகாட்டிகளோடு நான் போன நடைகளை வைத்தே இதை எழுதுகிறேன். தனியொரு நிறுவனத்தைக் குறிவைப்பது நோக்கமில்லை. எல்லாருடைய தடமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

முதலில் நிறை. காசி வழிகாட்டிகளுக்கு ஒளி தெரியும். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கு பார்த்து, பிறை போல வளைந்து கிடக்கின்றன. எதிர்க்கரையில் வெறும் மணல். அதனால் எழும் சூரியனை மறிக்க ஒரு கட்டடமும் இல்லை. படகில் இருப்பவருக்குப் படித்துறை முழுவதும் முன்னொளியில் தெரியும். படியில் நிற்பவருக்கு ஆற்றில் இருப்பதெல்லாம் பின்னொளியில் நிழலுருவாகும். பிற்பகலில் சூரியன் மாளிகைகளின் பின்னால் இறங்கிவிட, படிகள் சீக்கிரமே நிழலுக்குள் போய்விடும். இந்த எளிய புவியியலிலிருந்து நடையின் வரிசை முழுவதையும் வகுத்துக்கொள்ளலாம், நல்லவர்கள் வகுத்துக்கொள்கிறார்கள். விடியும் முன் அஸ்ஸி படித்துறையில் கூடி, இருட்டிலேயே படகேறி, செம்மை போகும்வரை தண்ணீரில் இருந்து, ஒளி கடுமையானதும் இறங்கிச் சந்துகளுக்குள் நுழைந்துவிடுவார்கள். மார்கழி, தை மூடுபனியில் அதே வழிகாட்டி இந்த வரிசையைத் தயங்காமல் தலைகீழாக்குகிறார். பனியில் படகுப் படம் தட்டையாகும், படியில் நின்றால் ஆட்கள் அடுக்கடுக்காகக் கரைவார்கள் என்பது அவருக்குத் தெரியும். முறை என்று நாம் சொல்வது இதைத்தான். உலகின் வேறு பல நகர நடைகளில், ‘காலை ஒளி நல்லது’ என்ற பொதுவாக்கியத்துக்கு மேல் எதுவும் கிடைப்பதில்லை.

ஆனால் இந்த அறிவு படித்துறையோடு நின்றுவிடுகிறது. சந்துக்குள் நுழைந்ததும் வழிகாட்டியின் சொற்களஞ்சியம் வற்றிப்போகிறது. ‘ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள்’ என்கிறார், அவ்வளவுதான். காசி வீட்டு முற்றத்தில் மேலிருந்து இறங்கும் நிழலில்லாத ஒளிக்கோ ஒளிப்பதிவு வரலாற்றிலேயே இடம் உண்டு. ‘அபராஜிதோ’வுக்காகக் கல்கத்தா ஸ்டூடியோவில் காசி வீடு ஒன்றை அமைத்தபோது, நேர் விளக்குகளால் அந்த முற்றத்து வெளிச்சத்தைக் கொண்டுவர முடியாது என்று கண்ட ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா, மேலே துணியை விரித்து விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பவைத்தார். உலகத் திரைப்பட ஒளியமைப்பில் பின்னர் பரவலான அந்த முறைக்குத் தூண்டுகோல் இந்த ஊரின் வீடுதான். ததேரி பஜாரின் பித்தளைக் கடைகளுக்கும் சௌக்கின் மலையோ என்ற பால்நுரை இனிப்பு விற்பவர்களுக்கும் இடையே குழுவை ஓட்டிக்கொண்டு போகும் நடைகளில் ஒன்றுகூட ஒரு முற்றத்தில் ஐந்து நிமிடம் நின்று அண்ணாந்து பார்க்கச் சொன்னதில்லை. பால்நுரையின் படம் எல்லாரிடமும் இருக்கிறது. அதன்மேல் விழுந்த ஒளி எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது.

அடுத்தது தடம். அஸ்ஸியிலிருந்து தசாஸ்வமேதம் வரை, துணிந்தவர்கள் பிணமெரியும் மணிகர்ணிகையும் சிந்தியா படித்துறையின் சாய்ந்த கோயிலும் வரை. தொடர்ச்சி என்ற அளவில் இந்தத் தடத்தில் குறையில்லை. ஆறு ஒரு கோடாக நிற்பதால் நடைக்கு இயல்பான ஒருமை கிடைக்கிறது, குழு சிதறுவதில்லை. குறை, அந்தக் கோட்டின்மேல் ஏற்றப்படும் கதையில் இருக்கிறது. ‘ஐயாயிரம் ஆண்டாக மாறாத நகரம்’ என்று தொடங்காத வழிகாட்டி அரிது. கண்ணெதிரே நிற்கும் கல்படிகளில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டில் மராட்டியர் காலத்தில் எழுந்தவை. இன்றைய விசுவநாதர் கோயிலே 1780இல் அகல்யாபாய் ஹோல்கர் கட்டியது. தசாஸ்வமேதத்தின் மாலை ஆரத்தி, சீருடை, மேடை, ஒலிபெருக்கி என்று இன்றுள்ள வடிவில் 1990களில் உருவானது. அஸ்ஸியின் ‘சுபஹே பனாரஸ்’ காலை நிகழ்ச்சி 2014இல்தான் வந்தது. 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட விசுவநாதர் வளாகத்துக்காக முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் வாங்கி அகற்றப்பட்டன. லாகூரி டோலா என்ற குடியிருப்பே மறைந்தது. காசி இடைவிடாமல் கட்டியும் இடித்தும் வந்த ஊர்.

வரலாற்றுப் பிழையைச் சுட்டிக்காட்டுவது என் வேலையில்லை. சுற்றுலா வழிகாட்டி மிகைப்படுத்துவது புதிதும் அல்ல. இங்கே அந்த மிகை நேராகப் படத்துக்குள் போய்விடுகிறது என்பதால்தான் பொருட்படுத்துகிறேன். ‘மாறாத நகரம்’ என்று கேட்டுக்கொண்டு நடப்பவர் தன் சட்டகத்திலிருந்து மாற்றத்தின் தடயங்களை ஒவ்வொன்றாக விலக்குகிறார். ஃபிளக்ஸ் பேனர் வெட்டப்படும், மோட்டார் படகு போகும்வரை காத்திருப்பார், செல்பேசியில் பேசும் பண்டா (படித்துறைப் புரோகிதர்) படமாகமாட்டார், காவித்துணி மட்டும் எஞ்சும். வழிகாட்டியே சில நேரம் ‘கொஞ்சம் இடது பக்கம் தள்ளி நில்லுங்கள், அந்த ஒயர் வராது’ என்று உதவுகிறார். போர்னின் தகடுகளில் ஆட்கள் மங்கிப்போனதற்குத் தொழில்நுட்பம் காரணம். நீண்ட திறப்பு நேரத்தில் அசைபவர்கள் தகட்டில் நிற்கவில்லை. இன்றைய காமிரா எதையும் நிறுத்திப் பிடிக்கும். இப்போது விடுபடுவதெல்லாம் நாம் விரும்பி விடுவது. ரகுபீர் சிங்கின் காசியைப் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு விளங்கும். ஒரு தூணோ கதவோ கண்ணாடியோ அவருடைய சட்டகத்தைக் குறுக்கே வெட்டும். புனிதமும் கடைத்தெருவும் ஒரே தளத்தில் நெருக்கியடித்து நிற்கும். அந்த நெருக்கடியைக் குழப்பமாக்காமல் ஒழுங்காக்கியது அவருடைய சாதனை. ஃபோட்டோ வாக் அந்த நெருக்கடியைத் தொந்தரவாக நினைத்து ஒதுக்கச் சொல்கிறது.

இதில் ஆரத்தி நடை மிகவும் மோசம். மேடை, விளக்கு, நேரம் எல்லாம் முன்னரே தீர்மானமாகிவிட்ட நிகழ்ச்சியில் படமெடுப்பவருக்குத் தேர்வென்று மிஞ்சுவது உட்காரும் இடம்தான். அந்த இடத்தைப் பிடித்துத் தருவதே அன்றைய வழிகாட்டியின் பணியாகிவிடுகிறது.

சட்டகத்தில் இப்படி ஒதுக்கிக் காலியாக்கிய இடத்தை நிரப்ப ஏற்பாடுகள் தேவைப்படும். குளிர்காலத்தில் கங்கைக்கு வரும் கடற்காக்கைகளை உள்ளூரில் ‘சைபீரியப் பறவை’ என்பார்கள். படகு நடுவாற்றுக்கு வந்ததும் படகோட்டி ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஓமப்பொடியைத் தண்ணீரில் இறைத்து, தொண்டையில் ஒரு விசித்திர ஓசை எழுப்புவார். நொடியில் நூற்றுக்கணக்கான வெள்ளைச் சிறகுகள் படகைச் சூழும், பின்னால் சிவப்புச் சூரியன், எட்டுக் காமிராக்கள் ஒன்றாகத் தடதடக்கும். பொட்டலம் தீர்ந்ததும் பறவைகள் அடுத்த படகுக்குப் போய்விடும், அங்கே அதே தடதடப்பு. கிடைக்கும் படம் அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் எட்டுப் பேரிடமும் இருப்பது ஒரே படம், அதை எடுத்தவர் படகோட்டி. படிகளில் சாம்பல் பூசி, கேட்டவுடன் புகைவிட்டுக் காட்டிக் காசு வாங்கும் சாமியார்களுக்கும் இது பொருந்தும். அவர்களைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, அது அவர்கள் தொழில். அந்தப் படத்தை ‘தெருவில் கண்டெடுத்த கணம்’ என்று பழக்கும் வழிகாட்டிதான் பொறுப்பு ஏற்க வேண்டும்.

அறம் குறித்து இந்த நடைகளுக்கு ஒரு நற்சான்றும் ஒரு கண்டனமும் தர வேண்டியிருக்கிறது. மணிகர்ணிகையில் காமிராவை உறையில் போடச் சொல்வதில் பெரும்பாலான வழிகாட்டிகள் கண்டிப்பானவர்கள். வாடிக்கையாளர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுப்பதில்லை. சிதைக்கு அருகே ‘காசு கொடுங்கள், எடுக்கலாம்’ என்று நெருங்குபவர்களிடமிருந்து குழுவை விலக்கிக்கொண்டும் போகிறார்கள். அதே ஆட்கள், படகில் இருக்கும்போது மட்டும் அந்த விதியைத் தளர்த்திவிடுகிறார்கள். தொலைவில் இருந்தால் தவறில்லை என்பது வாதம். டெலி லென்ஸ் வந்தபின் தொலைவு என்ற சொல்லுக்கு என்ன பொருள்? இதைவிடக் கடுமையான இடம் குளிக்கும் பெண்கள். சந்தில் ஒரு டீக்கடைக்காரரைப் படமெடுக்க ‘கேட்டுவிட்டு எடுங்கள்’ என்று பாடம் நடத்துபவர், ஈரப்புடவையோடு கரையேறும் பெண்ணை நோக்கி 200 மில்லிமீட்டர் லென்ஸ்கள் வரிசையாகத் திரும்பும்போது வேறு பக்கம் பார்க்கிறார். கேட்க வேண்டிய அவசியம் வராதபடி படமெடுக்க உதவும் கருவியாகப் படகு ஆகிவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே, டெலி லென்ஸை அனுமதிக்கும் படகு நடை எதையும் நான் முதல் வரிசையில் வைக்கமாட்டேன்.

கார்ட்னரின் படமும் இந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பவில்லை. விளக்கவுரையும் வசன எழுத்தும் இல்லாமல் தொண்ணூறு நிமிடம் சிதையையும் பிணத்தையும் காட்டியது எந்த நியாயத்தில் என்று கேட்டார்கள். கேள்வியில் பொருள் இருந்தது. ஆனாலும் அந்தப் படம் செய்த ஒன்றை நடைகள் செய்யவில்லை. விறகு படகில் ஏறுவது, தராசில் நிறுக்கப்படுவது, சாமந்தி பறிக்கப்படுவது, மாலையாவது, மூங்கில் பாடையாவது என்று சாவை ஓர் ஊரின் அன்றாட உழைப்பாக அது தொடர்ந்து சென்றது. மணிகர்ணிகைக்குப் பின்னால் சந்தையொட்டி அடுக்கிக் கிடக்கும் விறகைக் கடந்துதான் எல்லா நடைகளும் போகின்றன. அங்கே காமிராவுக்குத் தடை கேட்பவர் யாரும் இல்லை, துக்கத்தில் இருப்பவரும் இல்லை. அங்கேதான் யாரும் நிற்பதும் இல்லை.

தமிழ் வாசகருக்காக ஓர் இடைச்செருகல். அனுமான் படித்துறை, கேதார் படித்துறைப் பகுதியில் தமிழ்ப் பலகைகளும் மடமும் சத்திரமும் உண்டு; குமரகுருபரர் வழிவந்த மடம் அங்கேதான் இருக்கிறது; பாரதி பதின்ம வயதின் இறுதியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அந்தச் சுற்றுவட்டாரத்தில். நடைகள் இந்தத் தெருக்களை வேகமாகக் கடக்கின்றன. ‘இங்கே படம் இல்லை’ என்று ஒரு வழிகாட்டி வெளிப்படையாகவே சொன்னார். வங்காளி டோலா, மதன்புராவின் நெசவாளர் வீடுகள் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். நெசவாளர் வீடு தடத்தில் இருந்தாலும், தறியில் பத்து நிமிடமும் பக்கத்துப் புடவைக் கடையில் நாற்பது நிமிடமும் கழியும்.

இனி, கற்பித்தல். ஃபோட்டோ வாக் தன்னைச் சுற்றுலாவிலிருந்து பிரித்துக்கொள்வதே இந்த ஒன்றை வைத்துத்தான். என் பார்வையில் பெரும் தோல்வியும் இங்கேதான், பெரும் வாய்ப்பும் இங்கேதான். ரிச்சர்ட் லானோய் 1950களில் காசியைப் படமெடுக்கத் தொடங்கினார். அவருடைய காசிப் புத்தகம் 1999இல் வந்தது. ரகுபீர் சிங்கும் இந்த ஆற்றுக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்தவர். இந்நகரத்தின் நல்ல படங்கள் அனைத்தும் மீள்வருகையின் விளைவு. மூன்று மணி நேரத்துக்கு வருபவரிடம் அது கிடையாது. அதைக் குறையாகச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் வழிகாட்டியிடம் அது இருக்கிறது. ஆண்டு முழுவதும், ஒரே படியில், ஒரே நேரத்துக்கு வந்து நிற்பவர் அவர். எந்தப் பண்டாவின் குடை எந்த மாதம் எந்தப் பலகைக்கு நகரும், எந்த நாவிதருக்கு எப்போது கூட்டம், எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு ஒரு கீற்று வெயில் இறங்கும் என்றெல்லாம் தெரிந்தவர். லானோய் பல ஆண்டு செலவிட்டுச் சேர்த்ததில் ஒரு பங்கேனும் அவர் தொழிலாலேயே அவருக்குச் சேர்ந்துவிடுகிறது. இத்தனையும் கையிலிருந்தும், அவர் விற்பது முதல் பார்வையை. பட்டியலில் உள்ள பன்னிரண்டு இடங்கள், இடத்துக்கொரு ‘ஷாட்’.

இதற்கு விலக்காக ஒருவரைக் கண்டிருக்கிறேன். கேதார் படித்துறையின் சிவப்பு வெள்ளைப் பட்டைகளுக்குக் கீழே, ஓலைக்குடை ஒன்றின் எதிரில், குழுவை ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிறுத்திவைத்தார். முதல் கால்மணி காமிராவைத் தொடக்கூடாது. குடையின் நிழல் பலகையில் எங்கே விழுகிறது, யார் அதற்குள் இருக்கிறார்கள், யார் வெளியே என்று மட்டும் பார்க்கச் சொன்னார். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கியது. ஓரத்தில் இருந்தவர்கள் உள்ளே ஒதுங்கினார்கள். பண்டாவின் சந்தனக் கிண்ணமும் கண்ணாடியும் பின்னாலேயே நகர்ந்தன. குளித்து வந்த ஒருவர் தலை நிழலிலும் கால் வெயிலிலுமாகக் குந்தினார். அதற்குப் பிறகுதான் காமிரா. அன்று எடுத்த படங்கள் கடற்காக்கைப் படத்தைப் போலச் சுவரில் மாட்டக்கூடியவையாக இல்லை. பல சோகையாகவே இருந்தன, ஒருவர் பணம் வீணென்று முணுமுணுத்தார். முடிவில் டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து, ஒவ்வொருவரும் ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஏன் விட்டார்கள் என்று சொல்ல வேண்டும் என்றார். எட்டுப் பேரின் எட்டுப் படங்களும் வெவ்வேறாக இருந்தன. தேர்வும் கழிவும் புகைப்படக் கலையின் பாதி. மற்ற நடைகளில் அந்தப் பாதிக்கு இடமே இல்லை, கைகுலுக்கலோடும் குழுப்படத்தோடும் முடிந்துவிடும்.

தீர்ப்பைப் பிரித்தே சொல்ல வேண்டும். ஊருக்கு அறிமுகமாக விடியற்கால நடை தேறுகிறது. அதன் ஒளியறிவு தேர்ந்தது, தடம் சீரானது, புதியவரைப் பத்திரமாகவும் பெரும்பாலும் நாகரிகமாகவும் கூட்டிப்போகிறது. புகைப்படப் பயிற்சியாக அது தேறவில்லை. தெரிந்த படத்தை நேரில் அடையாளம் காணப் பழக்குகிறது, அதற்குமேல் போகவில்லை. சந்து நடைக்கு இடைப்பட்ட மதிப்பெண், பொருள் வளம் மிகுதி, அதைக் கையாளும் சொல் குறைவு. ஆரத்தி நடைக்கு மதிப்பெண் இல்லை. குழுவில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பவர்களையும், முடிவில் படங்களை உட்கார்ந்து பார்க்க நேரம் ஒதுக்காதவர்களையும், எந்தத் தடமாக இருந்தாலும் தவிர்க்கலாம்.

வேகம் குறைந்தால் வாடிக்கையாளர் வரமாட்டார், பட்டியல் இல்லாமல் நடை விற்காது என்பது வழிகாட்டிகள் சொல்லும் மறுமொழி. வணிகத்தில் அது மெய்யாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் மழைக்காலம் அந்த மறுமொழியைச் சோதித்துப் பார்க்கிறது. ஆவணி வாக்கில் கங்கை ஏறினால் படித்துறைக்குப் படித்துறை போகும் வழி முழுகிவிடும். படகுகள் நிறுத்தப்படும், ஆரத்தி மொட்டைமாடிக்கு ஏறும், மணிகர்ணிகையில் சிதைகள் மேல்தளத்துக்கு நகரும், அரிச்சந்திரன் படித்துறையில் எரிப்பு சந்துக்கே வந்துவிடும். பட்டியலில் இருந்த பன்னிரண்டில் பத்து இல்லாமல் போகும். பலர் அந்த மாதங்களில் நடையையே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாத சிலரோடு போனால், வீட்டுத் திண்ணையில் மழைக்கு ஒதுங்கிய எருமையும் பள்ளிப் பிள்ளைகளும், சந்து முனையில் தண்ணீர் எத்தனை படி ஏறியது என்று எண்ணிக்கொண்டு நிற்கும் கிழவர்களும், நீல பிளாஸ்டிக் தாளுக்கடியில் விரியும் பூக்கடையும்தான் கிடைக்கின்றன. சொல்லிவைத்த இடம் இல்லாததால் வழிகாட்டி தனக்குத் தெரிந்த வீடுகளின் கதவைத் தட்டி உள்ளே அழைத்துப்போகிறார், முற்றம் அப்போதுதான் நமக்குத் திறக்கிறது. விளம்பரத் தாள்களில் இடம்பெறாத இந்த நடையைத்தான், நான் போனவற்றில், முதலாவதாக வைக்கிறேன்.